டவுன்லோட் பண்ணின பைல் எங்கே கிடக்கிறது? முறைப்பாட்டை வைத்துத் தேடும் வழி

நெடுந்தீவில் இருந்து படகேறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து, யாழ்ப்பாண நகருக்கு வந்து, பிரின்ட், போட்டோகொப்பி எடுக்கும் கொமியூனிகேசன் கடை வாசலில் நின்று போனைத் திறந்தால் பைலைக் காணவில்லை. "தம்பி, ராத்திரி டவுன்லோட் பண்ணினனான். திறந்து வடிவாய் வாசிச்சும் பாத்தனான்" என்பார் வந்தவர். அவர் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் வாசித்துப் பார்த்தது வேறு, போனில் இறக்கி வைத்தது வேறு. திரையில் தெரிந்ததெல்லாம் போனுக்குள் வந்துவிட்டதாக நினைப்பதில்தான் முக்கால்வாசிச் சிக்கல். மிச்சம், பைல் போனில் இருந்தும் தேடுகிற இடம் பிழைப்பது.

போனில் எல்லாப் பைலுக்கும் ஒரே அலுமாரி இல்லை. குரோம் ஒரு இடத்தில் வைக்கும், வட்ஸ்அப் இன்னொரு இடத்தில் வைக்கும், டெலிகிராம் தனக்குள்ளேயே ஒளித்து வைக்கும். ஆகவே "என்ன பைல்?" என்று யோசிப்பதற்கு முன்னம் "எந்த ஆப்புக்குள் நின்று அதை அழுத்தினேன்?" என்று யோசியுங்கள். அந்தப் பதில் தெரிந்தால் தேடும் இடம் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

இங்கே பலரும் போனை ஆங்கிலத்திலேயே பாவிப்பதால், திரையில் தெரியும் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். மேற்கோளுக்குள் நிற்கும் தலைப்புகள் வருகிறவர்கள் சொல்லும் முறைப்பாடுகள், உங்களுடையது எதுவோ அதன்கீழ் பாருங்கள்.

எதற்கும் முதல்: பிளைட் மோட் சோதனை

போனை பிளைட் மோடில் போடுங்கள். வைபை தானாக அணையாவிட்டால் அதையும் அணையுங்கள். பிறகு போனில் இருக்கும் பைல் மனேஜரைத் திறவுங்கள். சம்சுங்கில் அதன் பெயர் மை பைல்ஸ், ரெட்மியில் பைல் மனேஜர், வேறு பல போன்களில் பைல்ஸ் பை கூகுள். அதற்குள்ளிருந்து உங்கள் பைல் திறந்தால் அது உண்மையாகவே போனில் இருக்கிறது. குரோமுக்குள்ளோ கூகுள் டிரைவுக்குள்ளோ திறந்து பார்ப்பது சோதனையாகாது. முன்பு பார்த்த பக்கத்தை அவை கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருந்து காட்டும், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

பயணத்துக்கு முதல்நாள் இரவு இந்த ஒரு சோதனையைச் செய்தால் போதும். கடவுச்சீட்டு அலுவலுக்கோ நேர்முகத் தேர்வுக்கோ போகிறவர்கள் இதைத் தவறவே விடாதீர்கள்.

"இணையத்தளத்தில் டவுன்லோட் அமத்தினனான், எங்க போச்செண்டு தெரியேல்ல"

அன்ட்ரொய்ட் போனில் குரோம் இறக்கும் பைல் போகும் இடம்: பைல் மனேஜர், இன்டேர்னல் ஸ்டோரேஜ், டவுன்லோட். சம்சுங் இன்டர்நெட் என்ற பிரவுசரும் அங்கேதான் வைக்கும். உள்ளே போனதும் வரிசையைத் திகதிப்படி மாற்றி, புதியது மேலே வரும்படி வையுங்கள். பெயர் வரிசையில் விட்டால் நேற்று இறக்கியது இருநூறு பைலுக்கு நடுவில் மறைந்து நிற்கும். ஒரே பெயருக்குப் பின்னால் (1), (2), (3) என்று அடைப்புக்குறி இலக்கம் நின்றால், காணவில்லை என்று நினைத்து நீங்களே மூன்று நான்கு தரம் இறக்கியிருக்கிறீர்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிக்கலாம்.

அங்கே இல்லாவிட்டால் குரோமைத் திறந்து, மேலே வலப்பக்க மூன்று புள்ளியை அழுத்தி டவுன்லோட்ஸ் பாருங்கள். இறங்கி முடிந்தது, பாதியில் நிற்பது, தோற்றுப்போனது எல்லாம் அங்கே தெரியும். ஒரு எச்சரிக்கை: கணினியில் அந்தப் பட்டியலில் இருந்து ஒன்றை எடுத்துவிட்டால் பட்டியல் மட்டும்தான் சுத்தமாகும், பைல் தப்பும். போனில் அப்படியல்ல. பட்டியலில் டிலீட் கொடுத்தால் பைலே போய்விடும். "லிஸ்டைத் துப்புரவாக்குவம்" என்று அழித்துவிட்டுப் பிறகு தேடுகிறவர்கள் கனபேர்.

வரலாறு பதியாத இன்கொக்னிட்டோ பக்கத்தில் இறக்கினால், அந்தப் பக்கத்தை மூடியதும் பட்டியலில் பெயர் இருக்காது. பைல் அழிவதில்லை. மேலே சொன்ன டவுன்லோட் போல்டரில் கிடக்கும்.

மெமரி கார்ட் போட்ட போன் என்றால் குரோமின் செட்டிங்ஸ், டவுன்லோட்ஸ் என்ற இடத்தில் டவுன்லோட் லொக்கேஷன் எதுவென்று பாருங்கள். அது எஸ்டி கார்ட் என்று இருந்தால் பைல் கார்டுக்குள் போயிருக்கும். கார்டைக் கழற்றியிருந்தால் பைலும் அதோடு போயிற்று. அதே இடத்தில் "எங்கே வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேள்" என்ற பொருளில் ஒரு தெரிவு உண்டு. அதை ஒன் பண்ணி வைப்பது நல்லது. ஒவ்வொரு தரமும் ஒரு கேள்வி வரும், அதே நேரம் இடமும் பெயரும் உங்கள் கண்ணுக்கு முன்னால் தெரிந்துவிடும்.

"போல்டர் சரி, ஆனால் பேர் போட்டுத் தேடினா வருகுதில்லை"

யாழ்ப்பாணத்தில் இது அடிக்கடி நடக்கும். ஏனென்றால் நாம் தேடும் பெயர் ஒன்று, பைலுக்கு இருக்கும் பெயர் வேறொன்று.

நூலகம் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய நூல்கள், மலர்கள், பத்திரிகைகள் பிடிஎப் ஆக இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு ஆவணத்தின் பக்கத்திலும் "நூலக எண்" என்று ஒரு இலக்கம் இருக்கும். இறக்கும்போது பைலுக்கு வருவது நூலின் தலைப்பு அல்ல, அந்த இலக்கம்தான். நூலக எண் 1523 என்றால் போனில் கிடப்பது வெறும் 1523 என்ற பெயரோடு ஒரு பிடிஎப். தலைப்பைத் தமிழில் அடித்துத் தேடினால் ஒருநாளும் வராது. அந்த நூலின் பக்கத்துக்குத் திரும்பப் போய் எண்ணைக் குறித்து, அந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். கிடைத்தவுடன் பைலை அழுத்திப் பிடித்து ரீநேம் கொடுத்து நூலின் பெயரை வைத்துவிடுங்கள். கடைசியில் இருக்கும் புள்ளியையும் பிடிஎப் என்ற மூன்று எழுத்தையும் மட்டும் தொடவேண்டாம். அது போனால் போனுக்கு என்ன பைல் என்று விளங்காது.

தமிழில் பெயர் வைத்த பைல்களுக்கு வேறொரு வில்லங்கம். சில தளங்களில் இருந்து இறக்கும்போது தமிழ்ப் பெயர் அப்படியே வராமல் % குறியும் இலக்கமும் ஆங்கில எழுத்துமாய் நீளமாக வரும். "க" என்ற ஒரே எழுத்து 9 குறியாகும். "கி" என்றால் 18. "கடந்தகால வினாத்தாள்" என்று பெயர் வைத்திருந்தால் திரையின் அகலம் போதாது. இது வைரஸும் இல்லை, பழுதும் இல்லை. திகதி வரிசையில் மேலே நிற்கும், திறந்து பார்த்துப் பெயரை மாற்றினால் சரி.

"பிடிஎப் திறந்து வாசிச்சனான், இப்ப இல்லை"

குரோமின் புதிய பதிப்புகளில் பிடிஎப் இணைப்பை அழுத்தினால் அது குரோமுக்குள்ளேயே திறந்துவிடும். முன்னர் அழுத்தியவுடன் டவுன்லோட் ஆகிப் பிறகு திறந்தது, அந்தப் பழக்கத்தில் நாம் இறங்கிவிட்டது என்று நினைக்கிறோம். இப்போது பைல் திறந்து நிற்கும்போதே மூன்று புள்ளியை அழுத்தி, மேலே வரும் கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால்தான் டவுன்லோட் போல்டருக்குப் போகும். பரீட்சைத் திணைக்களத் தளத்தில் இருந்து பரீட்சை அனுமதி அட்டை எடுக்கும் பிள்ளைகளுக்கு இதைப் பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுங்கள்.

ஜிமெயிலும் இதேபோலத்தான். இணைப்பாக வந்த பைலின் படத்தைத் தட்டினால் பார்க்க மட்டும் காட்டும். அம்புக்குறியை அழுத்தினால் போனில் இறங்கும். அதன் பக்கத்தில் இருக்கும் முக்கோண டிரைவ் அடையாளத்தை அழுத்தினால் போனுக்கு வராது, கூகுள் டிரைவுக்குப் போகும். டிரைவுக்குள் "அவெய்லபிள் ஒஃப்லைன்" என்று போட்டாலும் பைல் மனேஜரில் தெரியாது, டிரைவுக்குள் மட்டுமே திறக்கலாம். கடையில் கொடுக்கவேண்டும் என்றால் அங்கேயும் டவுன்லோட் என்பதையே அழுத்துங்கள்.

யூடியூப் ஆப்பில் டவுன்லோட் அழுத்திய காணொளியை கலரியில் தேடவேண்டாம். அது அந்த ஆப்புக்குள் பார்ப்பதற்கு மட்டும். பேஸ்புக்கில் சேவ் பண்ணியது இறக்கியதே அல்ல, பிறகு பார்க்கக் குறித்து வைத்தது.

"வட்ஸ்அப்பில வந்தது, காணேல்ல"

கனடாவில் இருந்து மகள் அனுப்பும் ஸ்பொன்சர் கடிதமும், சுவிஸில் இருந்து அண்ணன் அனுப்பும் வங்கிப் பற்றுச்சீட்டும், கிராம சேவகர் கேட்ட படிவமும் எல்லாம் வட்ஸ்அப்பில்தான் வருகின்றன. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் செய்தியை உற்றுப் பாருங்கள். பைலின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டமும் அதற்குள் கீழ்நோக்கிய அம்புக்குறியும் இருந்தால் அது இன்னும் இறங்கவில்லை. பெயர் தெரிவதால் வந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். அதை அழுத்தி, வட்டம் சுற்றி முடிந்து, அம்புக்குறி மறையும்வரை பொறுங்கள். மொபைல் டேட்டாவில் இருக்கும்போது டொக்கியுமென்ட்ஸ் தானாக இறங்கும்படி பெரும்பாலான போன்களில் இருக்காது. செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா, மீடியா ஓட்டோ டவுன்லோட் என்ற இடத்தில் மாற்றலாம். ஆனால் டேட்டாவை எண்ணிப் பாவிக்கிறவர்கள் மாற்றாமல் விடுவதே நல்லது. கூட்டுக் குழுக்களில் வரும் காலை வணக்கக் காணொளியும் சேர்ந்து இறங்கி டேட்டாவை முடித்துவிடும்.

அந்த அம்புக்குறியை மாதக்கணக்கில் அழுத்தாமல் விட்டால் பிறகு அழுத்தியும் வராது. வட்ஸ்அப் தன் சேர்வரில் பைலை நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. அப்போது செய்ய ஒன்றும் இல்லை, அனுப்பியவரிடம் திரும்பக் கேட்கத்தான் வேண்டும். முக்கியமான கடிதம் வந்த அன்றே அழுத்தி இறக்குங்கள்.

இறங்கியிருக்கிறது, ஆனால் எந்தச் செய்தியோடு வந்தது என்று மறந்துவிட்டது என்றால், அந்த ஆளின் பெயரை மேலே தட்டி மீடியா, லிங்க்ஸ் அன்ட் டொக்ஸ் என்பதற்குள் போய் டொக்ஸ் பக்கத்தைப் பாருங்கள். அவரிடம் இருந்து வந்த பைலெல்லாம் மாதவாரியாக நிற்கும். ஆயிரம் செய்தியை மேலே தள்ளித் தள்ளித் தேடுவதை விட இது எவ்வளவோ சுகம்.

பைல் மனேஜர் வழியாகப் போக வேண்டும் என்றால் பாதை நீளம்: இன்டேர்னல் ஸ்டோரேஜ், அன்ட்ரொய்ட், மீடியா, கொம்.வட்ஸ்அப், வட்ஸ்அப், மீடியா, வட்ஸ்அப் டொக்கியுமென்ட்ஸ். அன்ட்ரொய்ட் 11க்கு முந்திய போனில் இன்டேர்னல் ஸ்டோரேஜுக்குள் நேரே வட்ஸ்அப் என்ற போல்டர் இருக்கும், அதற்குள் மீடியா. நீங்கள் மற்றவருக்கு அனுப்பியவை ஒவ்வொரு போல்டருக்குள்ளும் சென்ட் என்ற உட்போல்டரில் இருக்கும். படங்களின் பெயரில் திகதியே எழுதியிருக்கும்: ஐஎம்ஜி-20250312-டபிள்யூஏ0007 என்றால் 2025 மார்ச் 12ஆம் திகதிக்குரிய படம். எந்த நாளில் வந்தது என்று தெரிந்தால், அந்த 8 இலக்கத்தைப் போட்டுத் தேடினாலே வந்துவிடும்.

படம் செய்தியில் தெரிகிறது, கலரியில் இல்லை என்றால் வட்ஸ்அப் செட்டிங்ஸ், சட்ஸ், மீடியா விசிபிலிட்டி ஒன் ஆக இருக்கிறதா பாருங்கள். ஒன் பண்ணியபிறகு வருகிற படங்கள்தான் கலரியில் தெரியும். பழையவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து சேவ் கொடுங்கள்.

இரண்டு சிம்முக்கு இரண்டு வட்ஸ்அப் வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டும். டுவல் ஆப் ஆக ஓடும் இரண்டாவது வட்ஸ்அப்பின் பைல்கள் வேறு இடத்தில் ஒதுங்கியிருக்கும், மேலே சொன்ன பாதையில் வராது. அந்த வட்ஸ்அப்பில் பைலைத் திறந்து, ஷேர் மூலம் உங்கள் முதலாவது வட்ஸ்அப்புக்கே அனுப்பி எடுப்பது சுலபம்.

வட்ஸ்அப் சரியாக ஓடவில்லை என்று அன்இன்ஸ்டோல் பண்ணிப் போடப் போகிறீர்களா? பொறுங்கள். புதிய போன்களில் அன்ட்ரொய்ட், மீடியா என்ற இடம் அந்த ஆப்புக்குச் சொந்தமான இடம். ஆப்பை எடுத்தால் அந்தப் போல்டரும் சேர்ந்து போகும். முதலில் டொக்கியுமென்ட்ஸ், இமேஜஸ் இரண்டையும் டவுன்லோட் போல்டருக்குக் கொப்பி பண்ணுங்கள். பிறகு என்னவும் செய்யுங்கள்.

வைபர், டெலிகிராம்

வெளிநாட்டில் உள்ள உறவுகளோடு வைபரில் கதைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. வைபரும் டெலிகிராமும் தம் பைல்களை அன்ட்ரொய்ட், டேட்டா என்ற இடத்துக்குள் வைப்பதுண்டு. புதிய அன்ட்ரொய்ட் அந்த இடத்தைப் பைல் மனேஜருக்குத் திறந்து காட்டாது. ஆகவே அங்கே போய்த் தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம். ஆப்புக்குள்ளேயே பைலைத் திறந்து வெளியே எடுங்கள். டெலிகிராமில் பைலுக்குப் பக்கத்து மூன்று புள்ளியில் சேவ் டு டவுன்லோட்ஸ் உண்டு. ரியூசன் குழுக்களில் குறிப்பு எடுக்கும் பிள்ளைகள் இதைச் செய்யாமல் விட்டால், சில நாளில் டெலிகிராம் தன் தற்காலிக இடத்தைத் துப்புரவாக்கும்போது போனில் இருந்த பிரதி போய்விடும். குழுவில் செய்தி இருக்கும்வரை திரும்ப இறக்கலாம், ஆனால் டேட்டா இரண்டாம் தரமும் போகும்.

"பைல் இருக்கு, திறக்குதில்லை"

பைலை அழுத்திப் பிடித்து டீட்டெய்ல்ஸ் என்பதில் அளவைப் பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

அளவு 0 என்றால், அல்லது தளத்தில் சொன்னதை விடக் குறைவென்றால், பாதியில் நின்றுவிட்டது. ஸ்கேன் பண்ணிய பழைய நூல்கள் பல பத்து எம்பி வரும். இறங்கும்போது வைபையில் இருந்து டேட்டாவுக்கு மாறினாலோ, போனில் இடம் முடிந்தாலோ நின்றுவிடும். இடமில்லை என்றால் வட்ஸ்அப்பின் ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா, மனேஜ் ஸ்டோரேஜ் என்பதில் 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாக நிற்கும். காணொளிகளைப் பார்த்து அழியுங்கள், டொக்கியுமென்ட்ஸில் கை வைக்கமுதல் ஒன்றுக்கு இரண்டு தரம் பாருங்கள்.

நூறு பக்கப் பாடநூல் சில கேபி மட்டும் என்றால், இறங்கியது நூல் அல்ல, பெரும்பாலும் அந்தத் தளத்தின் லொகின் பக்கம். உள்நுழைந்த பிறகு திரும்ப இறக்குங்கள்.

பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் திறக்கவே வேண்டாம், உடனே அழியுங்கள். வினாத்தாள் என்று சொல்லி விளம்பரப் பக்கங்களில் பெரிய பச்சை டவுன்லோட் பொத்தான் காட்டுவார்கள். அது வினாத்தாள் அல்ல, போனில் புகுத்தும் ஆப்.

டொக் என்று தொடங்கி திகதியோடு வரும் வட்ஸ்அப் பைல் சிலவேளை கடைசியில் வெறும் புள்ளியோடு நிற்கும். பிடிஎப் போன்ற பின்னொட்டு விழுந்துவிட்டது. அனுப்பியவரிடம் என்ன வகை என்று கேட்டு, ரீநேம் பண்ணி அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஆங்கிலத்தில் சேர்த்தால் திறக்கும்.

திறக்கிறது, ஆனால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்க் குழம்பிக் கிடக்கிறதா? அது பாமினி எழுத்துருவில் அடித்த வேர்ட் பைல். இங்கே பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் பாமினி இன்னும் புழங்குகிறது, போனில் அந்த எழுத்துரு இல்லை. பைலில் பிழை இல்லை. அனுப்பியவரிடம் பிடிஎப் ஆக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பாமினி போட்ட கணினி உள்ள கடையில் கொடுங்கள்.

ஐபோன்

ஐபோனில் நீல நிறப் போல்டர் படம் போட்ட பைல்ஸ் ஆப்பைத் திறந்து, கீழே பிரவுஸ் அழுத்துங்கள். ஐகிளவுட் டிரைவ் என்பதற்குள் ஒரு டவுன்லோட்ஸ், ஒன் மை ஐபோன் என்பதற்குள் இன்னொரு டவுன்லோட்ஸ் இருக்கலாம். இரண்டையும் பாருங்கள். சபாரி எதில் வைக்கிறது என்பதை செட்டிங்ஸில் சபாரிக்குள் டவுன்லோட்ஸ் என்ற இடம் சொல்லும். இலவச ஐகிளவுட் 5 ஜிபி மட்டுமே, அது நிரம்பியிருந்தால் ஒன் மை ஐபோன் என்று மாற்றிவிடுங்கள். சபாரியில் திறந்த பிடிஎப் தானாகச் சேமிக்கப்படாது, ஷேர் அடையாளத்தை அழுத்தி சேவ் டு பைல்ஸ் கொடுக்கவேண்டும். வட்ஸ்அப்பில் வந்த டொக்கியுமென்டுக்கும் அதே வழிதான், செய்யாவிட்டால் அது வட்ஸ்அப்பை விட்டு வெளியே வராது.

"தெரியாமல் அழிச்சுப்போட்டன்"

பதறி ஏதேதோ "ரிக்கவரி" ஆப் போடவேண்டாம். முதலில் குப்பைக்கூடையைப் பாருங்கள். சம்சுங் மை பைல்ஸின் டிராஷ், பைல்ஸ் பை கூகுளின் டிராஷ், ஐபோன் பைல்ஸின் ரீசன்ட்லி டிலீட்டட் மூன்றும் 30 நாள் வைத்திருக்கும். கூகுள் போட்டோஸில் பக்கப் ஆன படம் 60 நாள் இருக்கும். ஆனால் குரோமின் பட்டியலில் அழித்ததும், வட்ஸ்அப்பின் மனேஜ் ஸ்டோரேஜில் அழித்ததும் இந்தக் கூடைகளில் இருக்கும் என்று நம்பியிராதீர்கள். தளத்துக்கே போய் அல்லது அனுப்பியவரிடமே கேட்டுத் திரும்ப எடுப்பதுதான் விரைவு.

கடையில் பிரின்ட் எடுக்கும்போது

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள போட்டோகொப்பிக் கடைகளில் போனை வயரில் கொழுவினால் கணினியில் ஒன்றும் தெரியாமல் சார்ஜ் மட்டும் ஏறும். போனின் திரையை மேலிருந்து இழுத்து, யூஎஸ்பி பற்றிய அறிவிப்பைத் தட்டி, பைல் டிரான்ஸ்பர் என்று மாற்றுங்கள். பிறகு இன்டேர்னல் ஸ்டோரேஜ் திறக்கும். சில வயர்கள் சார்ஜுக்கு மட்டும் ஆனவை, அவற்றில் எது செய்தும் வராது.

பைலைக் கடையின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பலாம். ஆனால் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் போன்றவை என்றால் வயரில் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் நின்று, கணினியில் கொப்பி பண்ணாமல் போனில் இருந்தே திறந்து பிரின்ட் எடுக்கச் சொல்லுங்கள். கொப்பி பண்ணியிருந்தால் பிரின்ட் வந்ததும் கணினியின் டவுன்லோட்ஸிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைக் கணினியில் வட்ஸ்அப் வெப் திறந்து எடுத்திருந்தால், வாசலை விட்டு இறங்கமுதல் உங்கள் போனில் லிங்க்ட் டிவைசஸ் என்பதற்குள் போய், அந்தக் கணினியின் பெயரைத் தட்டி, லொக் அவுட் கொடுங்கள்.